சிடி அலமாரி வைத்திருக்கும் சங்கீத ரசிகர்களுக்கு

அன்பார்ந்த ரசிகர்களே,

சீசன் கச்சேரி முடிந்து வெளியே வந்தால், சபா வாசலில் போட்டிருக்கும் சிடி கடையில் இரண்டு சிடியாவது வாங்காமல் நகர மாட்டீர்கள் என்று ஒரு காலம் இருந்தது. சார்சுர், ராஜலட்சுமி ஆடியோ, வாணி, அமுதம் என்று பல நிறுவனங்களின் வெளியீடுகளாக வாங்கிச் சேர்த்தவை இன்றும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. கேட்கத்தான் வழியில்லை. சிடி பிளேயரின் லென்ஸ் போய்விட்டது; பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. காரில் யுஎஸ்பி மட்டும்தான். ஆகவே பல வீடுகளில் இப்போது இதே பேச்சு: "எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திடலாம்." லீவுக்கு வரும் மகனோ மகளோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்கள்.

நல்ல காரியம். ஆனால் முதல் சிடியை உள்ளே தள்ளும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: எந்த ஃபார்மட்டில் ஏற்றப் போகிறீர்கள்? ஒரு சிடியை ஒழுங்காகப் படித்து எடுக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பாட்டின் பெயர், ராகம் எல்லாம் திருத்தி எழுத இன்னும் அவ்வளவு நேரம். அலமாரியில் 300 சிடி இருந்தால் அது பல மாத வேலை. அப்படி ஏற்றி முடித்த பிறகு, கார் ஸ்டீரியோ அதை இசைக்கவில்லை என்றோ, தம்பூரா சுருதி நெளிகிறது என்றோ தெரியவந்தால், மறுபடி முதலிலிருந்து உட்காரும் பொறுமை யாருக்கும் இருக்காது. அரைகுறையாக ஏறியதே நிரந்தரமாகிவிடும். சிடிகள் எடைக்குப் போய்விடும். இந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

முதலில், சிடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய, 1982இல் விற்பனைக்கு வந்த இசைத் தகட்டில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, இடம் வலம் இரண்டு பக்கத்துக்கும் பதிந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஏறக்குறைய 635 மெகாபைட். இது எந்தச் சுருக்கமும் இல்லாத முழு ஒலி.

இதே சிடியை விண்டோஸ் கணினியில் திறந்து பாருங்கள். டிராக்01, டிராக்02 என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும்; பெயரின் கடைசியில் 'சிடிஏ' என்றிருக்கும். பலர் இவற்றை அப்படியே இழுத்துப் பென் டிரைவில் போட்டுவிட்டு, "அஞ்சு செகண்டுல எல்லாம் ஏறிடுச்சு" என்று மகிழ்ந்துபோகிறார்கள். அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தால் உண்மை விளங்கும்: ஒவ்வொன்றும் 44 பைட். முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவிக்கும் 44 பைட்தான், மூன்று நிமிடத் துக்கடாவுக்கும் 44 பைட்தான். அதில் பாட்டே இல்லை; தகட்டில் பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. சிடியை வெளியே எடுத்ததும் அந்தக் குறிப்பால் ஒரு பயனும் இல்லை. ஒலியைப் படித்து ஒரு கோப்பாக எழுதித் தர அதற்கென்று மென்பொருள் வேண்டும். ரிப் செய்வது என்று சொல்வது இதைத்தான்.

(உங்களிடம் நூறு, நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி இருந்தால் அது வேறு ஜாதி. அதில் இருப்பவை ஏற்கெனவே எம்பி3 கோப்புகள். அவற்றை அப்படியே நகல் எடுத்தால் போதும்; ரிப் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது.)

அந்த மென்பொருள் எந்த ஃபார்மட்டில் எழுதுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாம் எதையும் மாற்றாமல் விட்டால், அதைச் செய்த கம்பெனிக்கு எது தோதோ அதில்தான் எழுதும். பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் டபிள்யூஎம்ஏ என்ற தன் சொந்த ஃபார்மட்டில் எழுதியது. போதாததற்கு, நகல் பாதுகாப்பு என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்தால் அந்தக் கோப்பு அந்தக் கணினிக்கே பூட்டப்பட்டுவிடும். கணினி போனால் பாட்டும் போச்சு. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் ஏஏசி என்ற ஃபார்மட்டில் எழுதியது. ஐபாடில் அழகாகப் பாடும், டபிள்யூஎம்ஏயை ஐபாட் தொடாது. சோனியின் தொடக்கக் கால டிஜிட்டல் வாக்மேன்கள் ஏட்ராக் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் ஏற்கவில்லை. எம்பி3 கொடுத்தாலும் அவர்கள் மென்பொருள் அதை ஏட்ராக் ஆக்கித்தான் உள்ளே விடும். பின்னால் சோனியே எம்பி3 பக்கம் வந்துவிட்டது. 2001இல் வந்த ஐபாடின் உற்பத்தியை 2022இல் ஆப்பிள் நிறுத்தியது. கருவிகள் வரும், போகும். சிடி வாங்கியவர்கள்தான், அன்றைக்கு எந்தக் கருவி கையில் இருந்ததோ அதன் ஃபார்மட்டில் மாட்டிக்கொண்டார்கள். கருவிக்காக ஃபார்மட்டைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. சேமிப்பையே அந்தக் கருவிக்கு ஒப்புக்கொடுப்பதுதான் தவறு.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு சிடியையும் ஒரே ஒரு முறை, இழப்பில்லாத ஃபார்மட்டில் எடுத்து வீட்டு ஹார்டு டிஸ்கில் தாய்ப்பிரதியாக வையுங்கள். கார், போன், வாக்மேன், தாத்தாவின் கையடக்கப் பாட்டுப்பெட்டி ஆகியவற்றுக்கு வேண்டியதை அந்தத் தாய்ப்பிரதியிலிருந்து தனித்தனியாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பிரதிக்கு ஃபிளாக் என்ற ஃபார்மட்டைப் பரிந்துரைப்பேன். ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதியது. 2001இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை, யாரும் பூட்ட முடியாது. சிடியில் உள்ள ஒலியில் ஒரு பிட் கூடக் குறையாமல், பெரும்பாலும் பாதி, பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருக்கித் தருகிறது. 635 மெகாபைட் கச்சேரி 350க்குள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், 300 சிடியும் சேர்ந்து சுமார் 105 ஜிபி. இன்று கடையில் கிடைக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்கில் அது பத்தில் ஒரு பங்குதான். இடத்தை மிச்சப்படுத்த வேண்டிய காலம் போய்விட்டது. மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஃபிளாக் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பத்து வருடம் கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 2011 முதல் இதை இசைக்கிறது, விண்டோஸ் 10 இசைக்கிறது, ஐபோனும் 2017இல் வழிக்கு வந்தது. ஆனால் ஆப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்பதில்லை. ஆப்பிள் கருவிகள் மட்டுமே உள்ள வீடு என்றால் அவர்களுடைய இழப்பில்லாத ஃபார்மட்டான அலாக்கில் வையுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் இழப்பில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

கையில் எடுத்துப் போகும் பிரதிக்கு எம்பி3 போதும். வயதாகிவிட்டது, அதைவிடத் திறமையான ஏஏசி இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனாலும் எம்பி3 இசைக்காத பிளேயர் ஒன்றை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன் காப்புரிமைக்கான உரிமக் கட்டணமும் 2017இல் முடிவுக்கு வந்துவிட்டது. பதினைந்து வருடக் கார் ஸ்டீரியோவிலும் அது ஓடும். எங்கும் ஓடும் என்ற அந்த ஒரு குணத்துக்காகவே அதைச் சொல்கிறேன்.

ஆனால் எவ்வளவு சுருக்குவது என்பதில் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பழக்கத்தால் 128 கிலோபிட் என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரக் கச்சேரி 58 மெகாபைட்டுக்குள் வந்துவிடும், அதாவது சிடியில் பதினொன்றில் ஒரு பங்கு. கிதாரும் டிரம்ஸும் முழங்கும் பாட்டில் இந்தக் குறை சட்டென்று காதில் படாமல் போகலாம். கர்நாடக சங்கீதத்தில் படும். காரணம் இருக்கிறது.

எம்பி3, ஒலியை 26 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காது கவனிக்காது என்று கணிப்பதை விட்டுவிடுகிறது. உரத்த ஒலிக்குப் பின்னால் மறையும் மெல்லிய ஒலிதான் அதில் முதல் பலி. இப்போது ஓர் ஆலாபனையை நினைத்துப் பாருங்கள். ஒரு குரல், ஒரு வயலின், பின்னால் தம்பூரா. மறைவதற்கு அங்கே முழக்கமே இல்லை. தம்பூராவின் ஜீவனே அதன் மேல்சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இடைவிடாமல் மின்னுவதில்தான் இருக்கிறது. பிட் போதாதபோது துண்டுக்குத் துண்டு அவற்றில் சில விடுபட்டு, சில திரும்பி வரும். சுருதி தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் நெளியும். மிருதங்கத்தில் வேறு விதமாகத் தெரியும். ஒரு சாப்பு அந்த 26 மில்லி வினாடித் துண்டின் நடுவில் விழுந்தால், சுருக்கத்தால் வரும் இரைச்சல் அடிக்கு முன்பக்கமும் பரவிவிடுகிறது. அடியின் முனை மழுங்குகிறது. தனி ஆவர்த்தனத்தில் ஃபரன் வேகமாகப் போகும் இடத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பஜனைப் பதிவுகளில் ஜால்ரா 'சிலீர்' என்று கேட்பதற்குப் பதில் 'ஷ்ஷ்' என்று கேட்கும். 128 கிலோபிட்டில் உச்ச அலைவரிசைகள் பெரும்பாலும் வெட்டப்படுவதே காரணம். கைதட்டலையும் கவனித்துப் பாருங்கள், சரசரப்பாக மாறியிருக்கும்.

எம்பி3யை உருவாக்கிய ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை வைத்துத் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். பின்னணி இல்லாத தனிக்குரலில்தான் குறைகள் அப்பட்டமாகத் தெரிந்தன. நம் விருத்தமும் ஆலாபனையும் அதே சோதனைதான். ஆகவே ரசிகர்களே, 256 கிலோபிட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். இடம் இருந்தால் 320. அப்போதும் ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட்தான் ஆகும். 32 ஜிபி பென் டிரைவில் 200 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். மாறும் பிட் வீதம் என்று ஒரு வசதி இருக்கும். போனுக்கு அது நல்லது. பழைய கார் ஸ்டீரியோக்களில் சில அதைப் படித்தால் நேரத்தைத் தப்பாகக் காட்டும். காருக்கு நிலையான வீதமே வையுங்கள். 44,100 என்ற எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றாதீர்கள். 16 பிட் சிடியை 24 பிட் ஆக்கி எழுதுவதாலும் எதுவும் கூடிவிடாது.

இன்னொரு சிக்கலைப் பொதுவான வழிகாட்டிகள் சொல்வதில்லை, நம் சங்கீதத்துக்கு அது முக்கியம். ராகம் தானம் பல்லவியைச் சிடியில் மூன்று டிராக்காகப் பிரித்திருப்பார்கள். ராகத்திலிருந்து தானத்துக்குப் போகும் இடத்தில் பாடகர் மூச்சு விடுவார், தம்பூரா விடாது. சிடியில் அது ஒரே ஓட்டமாக இருக்கிறது. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடுகிறது. லேம் என்ற மென்பொருள் அந்தத் துளி எவ்வளவு என்று கோப்பிலேயே குறித்துவைக்கும். குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயர் அதைத் தாண்டிப் போகும். பல கார் ஸ்டீரியோக்களுக்குப் படிக்கத் தெரியாது. சுருதி அறுந்து மறுபடி ஒட்டும். கல்யாணியில் மூழ்கியிருக்கும் மனதுக்கு அந்த ஒரு நொடிக்கும் குறைவான வெட்டு போதும், வெளியே வந்துவிடுவோம். இதற்கு எளிய வழி உண்டு: இப்படித் தொடர்ந்து வரும் டிராக்குகளைச் சேர்த்து ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். ஐட்யூன்ஸில் சிடி டிராக்குகளை இணைக்க ஒரு வசதி இருந்தது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியிலும் தகட்டின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து ஒரே கோப்பாக எடுக்கலாம்.

அந்த எக்ஸாக்ட் ஆடியோ காப்பி விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கீறல் விழுந்த சிடி என்றால் இதைத்தான் நம்புவேன். சந்தேகம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒத்துவந்தால்தான் எழுதும். படிக்க முடியாத இடத்தை எந்த நிமிடம் எந்த நொடி என்று அறிக்கையில் காட்டும். உலகெங்கும் பிறர் எடுத்த அதே சிடியோடு ஒப்பிடும் வசதியும் உண்டு. ஆனால் நம் கர்நாடக சிடிகள் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது இரண்டு முறை படித்து ஒப்பிடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். மேக் கணினிக்கு எக்ஸ்எல்டி என்ற மென்பொருள் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 'எம்4ஏ' என்று முடியும் கோப்பைப் பார்த்தால் பெயரை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அதற்குள் ஏஏசியும் இருக்கலாம், அலாக்கும் இருக்கலாம். முன்னது இழப்புள்ளது, பின்னது முழு ஒலி. கோப்பின் விவரத்தில் பிட் வீதத்தைப் பாருங்கள். 128, 256 என்றிருந்தால் ஏஏசி; ஐந்நூறு, எழுநூறு, அதற்கு மேல் என்றிருந்தால் அலாக். அதேபோல, இழந்த ஒலியை எந்த மாற்றமும் திருப்பித் தராது. எம்பி3யை ஃபிளாக் ஆக்கினால் கோப்புதான் பெரிதாகும். ஏஏசியை எம்பி3 ஆக்கினால் வெட்டியதை மறுபடி வெட்டுகிறோம். மாற்றுவதென்றால் தாய்ப்பிரதியிலிருந்து மட்டும் மாற்றுங்கள்.

பெயர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். சிடியைப் போட்டதும் இணையத்திலிருந்து தானாக வரும் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். பாடியவர் என்ற இடத்தில் தியாகராஜர் இருப்பார். ராகம் ஆல்பம் பெயராக இருக்கும். ஒரே வித்வானின் பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் வந்து நான்கு பேராகச் சிதறிக் கிடக்கும். பாட்டின் பெயரோடு ராகத்தையும் தாளத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 'வாதாபி கணபதிம் – ஹம்சத்வனி – ஆதி' என்று. இயற்றியவர் என்ற கட்டம் தனியாக இருக்கிறது, முத்துசுவாமி தீட்சிதர் அங்கே போகட்டும். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள் பெயரைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். உறையின் பின்பக்கத்தில் மட்டுமே இருக்கும் அந்தப் பெயர்கள், உறை போனால் போய்விடும். பல கார் ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆகவே தாய்ப்பிரதியில் தமிழில் எழுதிக்கொண்டு, கார் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காருக்கான பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பல ஸ்டீரியோக்கள் அதைப் பார்த்தால் டிரைவே இல்லை என்று சொல்லிவிடும். 32 ஜிபி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். ஏற்றும்போதும் அதே வரிசையில் ஏற்றுங்கள். சில கருவிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், ஏறிய வரிசையிலேயே இசைக்கும். வர்ணத்துக்கு முன் மங்களம் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் ஏற்றும் முன் ஒரே ஒரு சிடியை முழுமையாகச் செய்து, நீங்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பாருங்கள். ராகம் தானம் பல்லவி உள்ள சிடியாக அது இருக்கட்டும். தம்பூரா, டிராக் மாறும் இடம், தனி, கைதட்டல், திரையில் தெரியும் பெயர் ஆகிய ஐந்தும் சரியென்றால் அடுத்த சிடிக்குப் போகலாம்.

நாம் காசு கொடுத்து வாங்கிய சிடியை நம் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதல் என்று இடம் தருகிறது. அதை வாட்ஸாப் குழுவில் ஊருக்கெல்லாம் அனுப்புவது அதில் சேராது. வித்வான்களுக்கும் சிறு சிடி நிறுவனங்களுக்கும் வரவேண்டிய சொற்ப வருமானத்தை அது பறித்துவிடும். ஏற்றி முடித்த பிறகும் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சாகும்; இரண்டாவது டிஸ்கில் இன்னொரு பிரதியும், அலமாரியில் மூலமும் இருக்கட்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். புகழ்பெற்ற சிடிகளில் பல ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன, அவை காத்திருக்கலாம். உங்கள் வீட்டுக் கல்யாணக் கச்சேரி, அப்பா கேசட்டில் பிடித்ததைப் பின்னால் யாரோ சிடியில் எழுதிக் கொடுத்தது, கோவில் உற்சவத்தில் பதிந்தது என்று பேனாவால் பெயர் எழுதிய சிடி-ஆர் தகடுகள் இருக்குமே, அவற்றை முதலில் எடுங்கள். அவற்றில் ஒலி பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். கடையில் வாங்கிய சிடியை விடச் சீக்கிரம் அது கெட்டுவிடும். உலகத்தில் வேறு பிரதியும் கிடையாது. தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றை ஃபிளாக்கில் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு ரசிகர்